பூதத்தான் குரலில் ஒன்பது நாள்

உங்கள் போன் மூன்று தடவை அடித்தது. எடுத்துப் பார்த்தீர்கள். தெரியாத நம்பர், திரும்பப் பையில் போட்டுவிட்டீர்கள். நல்ல காரியம் அண்ணாச்சி. வயசில் நீங்கள் என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் யாராயிருந்தாலும் அண்ணாச்சிதான். அந்தப் போனை எடுக்காமல் விட்டதற்காகவே உங்களிடம் ஒன்றைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கதை இல்லை, நடந்தது. நான் சொல்வதில் எது நடந்தது, எது நடக்காதது என்று எனக்கே சில நேரம் தடுமாறும். இதில் தடுமாறாது.

நான் கோர்ட்டுக்குப் போகிறேன். பாளையங்கோட்டையில். பதினொரு மணிக்கு மேல் என் பெயரைக் கூப்பிடுவார்கள். தங்கையா, தங்கையா, தங்கையா என்று மூன்று தடவை. உள்ளே போய் ஒரு டிவிப் பெட்டி முன்னால் நிற்க வேண்டும். பெட்டிக்குள் வடக்கே ஏதோ ஒரு ஊர் ஜட்ஜ் உட்கார்ந்திருப்பார். அவரிடம் நான் நாலு வரி சொன்னால் என் சிநேகிதன் பூதத்தான் ஜெயிலை விட்டு வெளியே வருவான். சொல்லாவிட்டால் வர மாட்டான். அவ்வளவுதான் விஷயம். நாலே வரி.

நாலு வரி சொல்ல ஒரு ஆளா என்று நினைப்பீர்கள். நான் யாரென்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். மணல்விளை மைக்செட் தங்கையா. கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு, எல்லாவற்றுக்கும் என் குழாய்தான். நான் மைக்கில் தும்மினால் மூன்று ஊர் தள்ளி 'நூறு' என்பார்கள். சிரிக்காதீர்கள், உடன்குடியில் விசாரித்துப் பாருங்கள். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசுவேன். தாசில்தார் குரல், பாதிரியார் குரல், ஈனப்போகிற ஆட்டின் குரல். ஒரு கோடையில் பம்புசெட் ஓடுகிற சத்தத்தைக் குழாயில் போட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர் கரண்டு வந்துவிட்டதென்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடினார். வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர்கூட வந்தது என்று சொல்வேன். அது மட்டும் பொய்.

பூதத்தான் அப்படி இல்லை. வாய் இல்லாத மனுஷன். எங்கள் ஊர்ச் சாமி சங்கிலிபூதத்தார், அவர் பெயரை வைத்தார்கள். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறக்கிற வேலை, முப்பது வருஷம். காலையில் திறப்பான், சாயங்காலம் திறப்பான். யாரிடமும் ஒரு சொல் கூடுதலாகப் பேச மாட்டான். தொண்டைக்குள் மணல் கிடக்கிற மாதிரி குரல். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு குடம் நிரம்பிவிடும். அந்தக் குரலைப் பேசினால் எங்கள் ஊர் டீக்கடையில் டீ சிந்தும். நான் அவன் வீட்டு வாசலில் நின்று அவன் குரலில், "ஏளா, என் சட்டையை எடு" என்பேன். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் உள்ளே இருந்தபடியே சட்டையை வீசுவாள். கட்டின பெண்டாட்டிக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஆள்தான் ஒத்துக்கொள்ள மாட்டான். பூதத்தானேதான். "அது நான் இல்லடே. நீ நடுவுல மூச்சு வாங்குத. நான் வாங்க மாட்டேன்" என்பான். முப்பது வருஷமாக அதையே சொன்னான். பொறாமைதான், வேறென்ன.

பூதத்தான் கைக்குப் போன் வந்தது எப்படியென்று கேளுங்கள். திருப்பூரில் இருக்கிற மகள் வாங்கிக் கொடுத்தாள், தொட்டால் படம் ஓடுகிற போன். அவனுக்கு அது தேளைக் கையில் பிடித்த மாதிரி. அடித்தால் உடனே என்னிடம் நீட்டிவிடுவான். மகளிடமிருந்து வந்தால்கூட நான் எடுத்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் அவனிடம் கொடுப்பேன். பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே, அந்தத் தாளையும் நான்தான் நிரப்புவேன். அவன் பிறந்த தேதி எனக்குத் தெரியும். ஆதார் கார்டு எங்கே இருக்கும் என்று தெரியும். அவன் பை என் பை மாதிரி.

ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் அந்தப் போன் அடித்தது. ஒரு பெண். முதியோர் நல உதவி மையத்திலிருந்து பேசுகிறாளாம், எழுதி வைத்ததை வாசிக்கிற மாதிரிப் பேசினாள். ஐயாவுக்கு ஒரு சலுகைக் கணக்குத் திறக்க உத்தரவு வந்திருக்கிறதாம். முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, திருட்டுப் போன் என்று. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஏமாறவில்லை. டீக்கடையில் ஒருத்தர் இரண்டு பேர் இன்றைக்கும் மைக்செட்காரன் ஏமாந்துவிட்டான் என்று காதோடு காதாகப் பேசுகிறார்கள். ஏமாறுவதற்கு நானா ஆள்?

போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தேன். பூதத்தான் குரலை எடுத்தேன். பூதத்தான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான், அவன் குரல் இந்தப் பெஞ்சிலிருந்து பேசுகிறது. எனக்கு மூன்று பெண்டாட்டி தாயி, யார் பெயரில் கணக்கு ஆரம்பிக்க என்று கேட்டேன். என் கிணற்றில் ஒரு முதலை இருக்கிறது, அதற்கும் வயசாகிவிட்டது, அதற்கு உதவி உண்டா என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் சிரிக்காமல், முதலையின் விவரம் அப்புறம் எடுத்துக்கலாம் ஐயா என்றாள். கடைக்காரன் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டான். பூதத்தான்கூடத் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தான்.

மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும். ஒன்பது நாள். சாயங்காலம் ஐந்தரை ஆனால் ஆட்கள் வந்து இடம் பிடித்துவிடுவார்கள். எழுபது பேர் இருக்கும். சரி, முப்பது. அண்ணாச்சி முகத்தைப் பார்த்தால் முப்பதும் ஏறாது போலிருக்கிறது. பதினொரு பேர். எங்கள் டீக்கடைக்குப் பதினொரு பேர் என்றால் அது மாநாடுதான்.

அவள் கார்டு நம்பர் கேட்பாள். நான் வாயில் வந்ததைச் சொல்வேன். மறுநாள் கூப்பிட்டு, "ஐயா, அந்த நம்பரை மெஷின் எடுக்க மாட்டேங்குதுங்க" என்பாள். இன்னொன்று சொல்வேன். அதையும் எடுக்காது. என் ஆயுசில் என் பொய்யை வாங்கிக்கொள்ளாத ஒரே ஆள் அந்த மெஷின்தான். ஏழாம் நாள் அவள் சொன்னாள், இன்றைக்கும் நம்பர் சரியில்லை என்றால் ஃபைலை மூடிவிடுவார்கள், இனிமேல் நான் கூப்பிட மாட்டேன் ஐயா என்று.

பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நீங்கள் மேடையில் நின்றதில்லை அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாது. கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது குழாயை அணைக்கச் சொன்னால் அது கழுத்தை நெரிக்கிற மாதிரி. நான் பூதத்தானின் பையில் கையை விட்டு, பென்ஷன் புத்தகத்தின் உறைக்குள் இருந்த கார்டை எடுத்தேன். "என்னடே, என் கார்ட எடுக்க?" என்றான். "சும்மா இரும்வே, நாளைக்கும் அந்தப் பிள்ள பேச வேண்டாமா" என்றேன். சிரித்தான். நான் நம்பரை வாசித்தேன். சரியான நம்பரை.

எட்டாம் நாள் போனுக்கு ஒரு ஆறு இலக்க எண் வந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதற்குக் கீழேயே எழுதியிருந்தது. முதலில் ஒரு இலக்கத்தை மாற்றித்தான் சொன்னேன், விளையாட்டுக்கு. மெஷின் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை சரியாகச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் முகத்தைக் காட்டச் சொன்னாள். பூதத்தானிடம், உன் மகளுக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன், இங்கே பார், ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டு என்றேன். மகளுக்கு என்றதும் எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவி, துண்டால் துடைத்து, தலையை வாரிக்கொண்டு வந்தான். வாயில் வெற்றிலை. போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். சிமிட்டினான். இன்னொரு தடவை சிமிட்டினான். போனுக்குள்ளிருந்து அந்தப் பெண், இது உங்க பேர்ல உங்க சம்மதத்தோட திறக்கிற கணக்குதானா ஐயா, சொல்லுங்க என்றாள். நான் போனுக்குப் பின்னாலிருந்து அவன் குரலில் சொன்னேன். "ஆமா, நான்தான் பூதத்தான். எனக்குச் சம்மதம்." அவன் வாய் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது, பொருத்தமாகப் போய்விட்டது. டீக்கடையே கை தட்டியது.

பத்தாம் நாளும் எல்லாரும் வந்தார்கள். போன் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நாலு மாசம் கழித்து ஒரு காலையில் வண்டி வந்தது. பதினாலு போலீஸ், எல்லார் கையிலும் துப்பாக்கி. இல்லை, பொறுங்கள். மூன்று பேர். மூன்று பேரும் வடக்கத்திக்காரர்கள், கூட நம்ம ஊர் ஸ்டேஷன் ஆள் ஒருத்தர். துப்பாக்கி ஒருத்தரிடம் இருந்தது. இருந்த மாதிரி ஞாபகம். பூதத்தானைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் பின்னாலேயே சைக்கிளில் போனேன்.

ஸ்டேஷனில் விஷயத்தைச் சொன்னார்கள். அவன் பெயரில், அவன் கேள்விப்பட்டே இராத ஒரு வங்கியில் கணக்கு ஓடியிருக்கிறது. ஊர் ஊராக ஏமாந்தவர்கள் பணமெல்லாம் அதற்குள் வந்து வெளியே போயிருக்கிறது. அதில் ஒரு அம்மா, மகனுடைய ஆபரேஷனுக்கு வைத்திருந்ததைப் போட்டுவிட்டாளாம். மகன் போய்விட்டான். அந்த அம்மாவின் புகாரில்தான் இவர்கள் இவ்வளவு தூரம் வந்தது. அந்த அம்மாவை எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரியாத ஒருத்திக்காக நான் எத்தனை நாள் சாப்பிடாமல் இருக்க முடியும் சொல்லுங்கள். ஆறு நாள் இருந்தேன். சரி, ஒரு நாள்.

அந்தப் படத்தை ஓட்டினார்கள். பூதத்தான் முகம், தலை வாரி, ஈரம் காயாமல். சிமிட்டுகிறான், சிமிட்டுகிறான். அப்புறம் குரல். நம்ம ஊர் எஸ்.ஐ., பெரியவரே, இது உங்க குரலா என்று கேட்டார். பூதத்தான் இன்னொரு தடவை போடச் சொன்னான். போட்டார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவன், நடுவில் ஒரு இடத்தில் தலையைத் தூக்கினான். சுவர் ஓரமாக நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தான். ஒரு குடம் நிரம்புகிற நேரம் பார்த்தான். அப்புறம் எஸ்.ஐ. பக்கம் திரும்பி, "என் குரல்தான்யா" என்றான்.

ஒரு கலைஞனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? முப்பது வருஷம் ஒத்துக்கொள்ளாத மனுஷன், சட்டத்துக்கு முன்னால் ஒத்துக்கொண்டான். பாவம், போலீஸைப் பார்த்த பயத்தில் அவனுக்குக் காது அடைத்திருக்கும். தன் குரல் எது, என் குரல் எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

அங்கேயே நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வாயைத் திறந்தேன் அண்ணாச்சி. அதற்குள் அவன் தன் குரல் என்று சொல்லிவிட்டானே. அவன் சொன்னதை மறுத்து அவனைப் பொய்யனாக்குவதா? வண்டியில் ஏற்றும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டு, "பேச்சியப் பாத்துக்கடே. அவகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றான். எதைச் சொல்ல வேண்டாம் என்றான் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஒரு மாசம் கழித்து ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். ரைட்டர் பேனாவை எடுத்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் பாருங்கள், வெறுமனே நம்பரைச் சொன்னேன், கண்ணைச் சிமிட்டச் சொன்னேன் என்றால் அதில் என்ன இருக்கிறது? கேட்கிற ஆளுக்கு ஒரு பிடிப்பு வேண்டாமா? அந்தப் பெண்ணின் கூட்டத்தைத் தேடி நான் மாறுவேஷத்தில் ரயிலேறிப் போன ஒரு இடம் வந்தது. ரைட்டர் பேனாவை மூடிவிட்டார். தங்கையா, போன கொடைக்கு நீ எங்க இன்ஸ்பெக்டர் ஐயா குரல்ல பேசினதே இன்னும் மறக்கல, போயிட்டு வா என்றார். 

பூதத்தான் மகள் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாள். ஜெபராணி என்று பெயர், நல்ல பிள்ளை, கோபக்காரி. அவளிடம் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். முதல் தாளில் ஒன்பது நாள், இரண்டாவது தாளில் பத்தொன்பது நாள் என்று இருந்ததாம். முதல் தாளில் போன் என் கையில் இருந்தது. இரண்டாவது தாளில் பூதத்தான் கையில் இருந்தது, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது எப்படி மாறியதென்று எனக்கே தெரியவில்லை. சொல்லும்போது அப்படி வந்தது.

வக்கீலம்மா இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் சொன்னாள். "ஐயா, நாலு வரி. கார்டு நம்பரைச் சொன்னது நான். போனுக்கு வந்த நம்பரைச் சொன்னது நான். படம் எடுத்தது நான். அதுல கேக்கிற குரல் என் குரல். இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அப்புறம் ஜட்ஜ் முன்னால அவர் குரல்ல ஒரே ஒரு தடவை பேசிக் காட்டுங்க. அது போதும்." ஏன் என்னைப் பேசச் சொல்கிறாய், அவனைப் பேசச் சொல்லி ஒத்துப் பார்க்க வேண்டியதுதானே என்றேன். அவன் தன் குரலைப் பதிவு பண்ணவே விட மாட்டேன் என்கிறானாம். எத்தனை தடவை கேட்டாலும் என் குரல்தான், என் குரல்தான் என்று அதையே சொல்கிறானாம். அடம். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு அடம் ஜாஸ்தி.

பதினாலு மாசம் ஆகிறது. பாஷை தெரியாத ஊர். சர்க்கரை இருக்கிற உடம்பு. ஒரு கண்ணில் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. போன குளிரில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் போட்டார்கள், திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள். இன்னொரு குளிரை அந்த உடம்பு தாங்காது என்று வக்கீலம்மா நேராகவே சொன்னாள். ஜெயில் போனில் எப்போதாவது பேச விடுவார்கள். பேச்சியம்மாளிடம் முதல் கேள்வியே, தங்கையா எப்படி இருக்கான் என்பதுதானாம். அவள் வந்து சொன்னாள்.

அவள் ஒரு நாள் மத்தியானம் என் கடைக்கு வந்தாள். குழாயெல்லாம் கழற்றிப் போட்டிருந்த நேரம். ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். "அண்ணே, அவுக மாதிரி ஒரு தடவ பேசுங்களேன். போன்ல இருமல்தான் கேக்கு, குரலே கேக்க மாட்டேங்கு" என்றாள்.

நான் பேச வாயெடுத்தேன். வரவில்லை. மணல் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் காற்று வந்தது. எனக்கு ஜலதோஷம் என்று சொன்னேன். பரவாயில்லைண்ணே என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். போலீஸ் வந்ததிலிருந்து, டீக்கடையில் கை தட்டின ஒருத்தரும் வெளியில் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. அவளுக்கு இன்னும் தெரியாது, அந்தப் படத்தில் பேசினது யாரென்று. இன்றைக்குக் கோர்ட்டில் தெரிந்துவிடும். குடையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். மகளும் திருப்பூரிலிருந்து நேரே வந்திருப்பாள்.

மூன்று வாய்தா தவறிப்போனது என் குற்றம் இல்லை. முதல் வாய்தாவுக்குக் காய்ச்சல். இரண்டாவதுக்கு பஸ் பழுதாகி மூலைக்கரைப்பட்டியில் நின்றுவிட்டது. மூன்றாவதுக்கு வக்கீலம்மா தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டாள். இன்றைக்கு விட்டால் சாட்சிப் பட்டியலில் என் பெயரை அடித்துவிடுவார்களாம். விட மாட்டேன். பாருங்கள், வேட்டி சட்டைகூட வெளுத்துப் போட்டு வந்திருக்கிறேன். நாலு வரியையும் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், பிசகினால் சொல்லுங்கள். கார்டு நம்பரைச் சொன்னது நான். போனுக்கு வந்த நம்பரைச் சொன்னது நான். படம் எடுத்தது நான். பார்த்தீர்களா, தண்ணி மாதிரி வருகிறது.

மூன்றுதான் வந்ததா? நாலாவது அங்கே போய் வரும். குரலைப் பேசிக் காட்டச் சொல்கிறீர்கள். பஸ்ஸில் வேண்டாம், முன்னால் பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருக்கிறாள், பயந்துவிடுவாள்.

என்ன கேட்டீர்கள்?

அவருக்குத் தெரிந்திருக்குமே என்றா? எது தெரிந்திருக்கும்? என் குரல் என்றா? உங்களுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி, நீங்கள் அங்கே இருந்தீர்களா? முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான். தெரிந்தால் அவன் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? தெரிந்தே ஒரு மனுஷன் பதினாலு மாசம் அங்கே போய் உட்காருவானா, வாயாடி ஒருத்தனுக்காக? அவனுக்குக் காது அடைத்துப்போயிருந்தது. நான் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தபோது நானும் அவனைப் பார்த்தேன், இல்லையா? அவன் கண்ணில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

சத்தம் போடவில்லை. நான் பேசுகிற சத்தமே இதுதான்.

கண்டக்டர் எதற்கு இப்படிக் கத்துகிறார்? கோர்ட்டா? இது இல்லை அண்ணாச்சி. இது பழைய கோர்ட்டு. இதை மாற்றி ஆறு மாசம் ஆகிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழு மாடி கட்டி, லிஃப்ட் எல்லாம் வைத்து. நான் அங்கேதான் இறங்க வேண்டும். கறுப்புக் கோட்டா? அவர்கள் டீ குடிக்க வந்திருப்பார்கள். நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள், உட்காருங்கள். போர்டில் எழுதியிருப்பதையெல்லாம் நம்பாதீர்கள், இந்தக் காலத்தில் கண்ணால் பார்க்கிற எதையும் நம்பக் கூடாது.

எந்த அம்மா? குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறாளே, அவளா? யாரென்று எனக்குத் தெரியாது. அந்த ஷட்டரை இறக்கிவிடுங்கள் அண்ணாச்சி. வெயில் அடிக்கிறது.